தியாலஜின்னா மதவியல் இல்ல, இறையியல்

அரிஸ்டாட்டில் பத்தின தமிழ் வீடியோ, மொழிபெயர்ப்பு எதுல பாத்தாலும் "அவரது மதவியல்"னு வந்துடுது. படிக்கிற புள்ள என்ன நினைக்கும், அவர் கிரேக்கக் கோயில் பூஜை, பலி பத்தி எழுதினார்னுதானே நினைக்கும்.

தியாலஜிங்கிறது கிரேக்கச் சொல்லு: தியோஸ்னா தெய்வம், லோகோஸ்னா பேச்சு, விளக்கம், அவ்வளவுதான். நமக்குக் கிடைச்சிருக்கிற எழுத்துல பிளேட்டோவோட 'குடியரசு'லதான் இந்தச் சொல் முதல்ல தென்படுது, அங்க பேச்சே கவிஞர்கள் தெய்வத்தை எப்படிக் காட்டணும்ங்கிறதுதான். அரிஸ்டாட்டில் 'மெட்டாபிசிக்ஸ்' 6ஆம் புத்தகத்துல கணிதம், இயற்கை, தெய்வம்னு கோட்பாட்டு அறிவை மூணாப் பிரிச்சு கடைசியைத்தான் உசத்தியா வைக்கிறார். அவரோட தெய்வம் தான் அசையாம உலகத்தை அசைக்கிற ஒண்ணு, அது படையலும் கேக்கல, வேண்டுதலும் கேக்கல, இதுல மதம் எங்கேர்ந்து வந்துச்சு?

மதத்துக்கு லத்தீன்ல ரெலிஜியோன்னு தனிச் சொல்லே இருக்குங்க. கிறிஸ்தவ அறிஞர் தாமஸ் அக்குவினாஸ் 1265 வாக்குல எழுத ஆரம்பிச்ச 'சும்மா தியாலஜியே'ல ரெலிஜியோவை நீதியோட சேர்ந்த ஒரு அறமா, கடவுளுக்குச் செலுத்த வேண்டிய வணக்கமா வைக்கிறார். தியாலஜி அவருக்கு ஒரு அறிவுத்துறை. "மதவியல்படி மதம் ஓர் அறம்"னு எழுதினா எது துறை, எது வணக்கம்னு யாருக்குப் புரியும்? பக்கத்தைப் படிக்காம அகராதியை மட்டும் புரட்டி மொழிபெயர்க்கிறதாலதான் இப்படி ஆகுது.

பழைய ரோமாபுரி அறிஞர் வர்ரோ ஊர் வழிபாட்டையும் ஒரு தியாலஜியா எண்ணினாரே, அப்ப மதவியல் சரிதானேன்னு கேக்குறாங்க. கிறிஸ்தவ ஆயர் அகஸ்டின் 'கடவுளின் நகரம்' 6ஆம் புத்தகத்துல வர்ரோ சொன்னதை எடுத்துச் சொல்றார்: கவிஞர்கள் சொல்றது ஒண்ணு, தத்துவவாதிகள் சொல்றது ஒண்ணு, ஊர் வச்சிருக்கிறது ஒண்ணு. மூணுமே தெய்வத்தைப் பத்தின விளக்கம், அதனாலதான் ஒரே பேர். இறையியல்னு போட்டா மூணுக்கும் பொருந்துது, மதவியல்னு போட்டா மூணாவது மட்டும்தான் நிக்குது.

சமயவியலும் ஒத்து வராது. மணிமேகலையில தங்கள் சமயக் கொள்கையை எடுத்துச் சொல்ற சமயக்கணக்கர் வரிசையில, எல்லாமே நிலம், நீர் மாதிரி பூதங்களால ஆனதுன்னு சொல்ற பூதவாதியும் நிக்கிறான், அவனுக்கு இறைவனே கிடையாது. பல மதங்களை வெளியில நின்னு ஆராயிற துறைக்கு அந்தச் சொல்லை விட்டுடலாம்.

இறைன்னா அரசன், வரின்னும் பொருள் உண்டு, குறள்ல இறைமாட்சி அரசனைப் பத்திதான், சரி. ஆனா மதுரையில தமிழ்நாடு இறையியல் கல்லூரி எத்தனையோ வருஷமா அந்தப் பேர்லதான் நடக்குது, அதைப் படிச்சு யாரும் அரசனையோ வரியையோ நினைக்கிறதில்ல.