அழுகை ஓயாத காய்ச்சல்: கவாசாகி நோயும் குழந்தையின் நரம்புகளும்

எட்டு மாதக் குழந்தை. ஆறு நாளாகக் காய்ச்சல். தூக்கினாலும் அழுகை, படுக்க வைத்தாலும் அழுகை. மூளைக்காய்ச்சலோ என்று முதுகில் நீர் எடுத்துப் பார்த்தோம். வெள்ளணுக்கள் கூடியிருந்தன, கிருமி எதுவும் வளரவில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. அப்போதுதான் அம்மா சொன்னார்: "டாக்டர், அழும்போது வாய் ஒரு பக்கமா கோணுது. பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) தழும்பும் சிவந்து கிடக்கு."

தழும்பைப் பார்த்ததும் பொறி தட்டியது. பீளை இல்லாத கண் சிவப்பை அழுகையின் கணக்கிலும், உதட்டு வெடிப்பைக் காய்ச்சலின் கணக்கிலும் எழுதியிருந்தேன். எல்லாமே ஒரே நோயின் அறிகுறிகள். அது கவாசாகி நோய்.

1967-இல் ஜப்பானிய மருத்துவர் டொமிசாகு கவாசாகி விவரித்த ரத்தக்குழாய் அழற்சி இது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு வரும். சிகிச்சை இல்லாவிட்டால் நான்கில் ஒரு குழந்தைக்கு இதயத் தமனி பாதிக்கப்படலாம். அதனால் எல்லோர் கவனமும் இதயத்தின் மேலேயே இருக்கும். நரம்பு மண்டலமும் பாதிக்கப்படும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

எதற்கும் சமாதானமாகாத அந்த அழுகையைப் பிடிவாதம் என்று எண்ணாதீர்கள். மூளை உறையில் கிருமியில்லா அழற்சி இருக்கலாம். வாயைக் கோணவைக்கும் முகவாதம் அரிதுதான், பெரும்பாலும் தானே சரியாகும். ஆனால் அது வந்த குழந்தைகளிடம் இதயத் தமனி பாதிப்பு அதிகம் காணப்படுவதால் எக்கோவை (இதய ஸ்கேன்) தள்ளிப்போடக் கூடாது. வலிப்பு, பக்கவாதம் இன்னும் அரிது. காது நரம்பு பாதித்துக் கேட்கும் திறன் குறைந்தால் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, நாம்தான் பரிசோதிக்க வேண்டும்.

அறிகுறிகள் எல்லாம் ஒரே நாளில் கூடி வராது. நேற்றிருந்த தடிப்பு இன்று மறைந்துவிடும். சரி, கையில் போன் இருக்கிறதே, படம் எடுத்து வையுங்கள். ஐந்து நாள் தாண்டிய காய்ச்சலுக்கு "கவாசாகியாக இருக்குமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

காய்ச்சல் தொடங்கிய பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்புரத மருந்தை ரத்தக்குழாய் வழியே ஏற்றுவது முக்கியம். ஏற்றிய ஓரிரு நாளில் தலைவலி, வாந்தி வந்தால் அது மருந்தாலும் இருக்கலாம், உடனே தெரிவியுங்கள். அப்புறம், இந்த மருந்து ஏற்றிய குழந்தைக்குத் தட்டம்மை, சின்னம்மை தடுப்பூசிகளைப் பொதுவாக 11 மாதம் தள்ளிப்போடுவோம்.

அந்தக் குழந்தையின் வாய்க்கோணல் இரண்டு மாதத்தில் நேரானது. காது கேட்பதில் குறையில்லை. இதயத் தமனி லேசாக விரிந்திருக்கிறது, எக்கோவில் தொடர்ந்து பார்த்து வருகிறோம்.