பாத்திரத்துக்கு மனநோயைக் கொடுக்கும் முன்

கதை எழுதுபவர்கள் சிலர் கைப்பிரதியை அனுப்பிவிட்டு, "நோய் விஷயம் சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் டாக்டர்" என்பார்கள். மனநல மருத்துவர் என்பதால் என்னிடம் வந்து சேரும் வேலை இது. விருப்பத்தோடுதான் செய்கிறேன். பெரும்பாலான பிரதிகளில் நோய் ஓரளவு சரியாகவே இருக்கிறது. காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்வதாகத் தோன்றுகிறது, தூக்கம் போய்விடுகிறது. தேடிப் படித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த நோய் யாருக்கு வந்திருக்கிறது என்று பார்த்தால் ஆளைக் காணவில்லை. பாதிப் பிரதி படித்த பிறகும் அவன் என்ன தொழில் செய்தான், யாரிடம் கடன்பட்டிருந்தான், தங்கை கல்யாணத்தில் எதற்காகக் கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்து போனான் என்பது எதுவும் தெரிவதில்லை.

இது எழுத்தின் குறையோடு நின்றுவிடுகிற விஷயமல்ல. மனநோயைப் பற்றி நம்மில் பலர் முதலில் தெரிந்துகொள்வது கதையிலும் சினிமாவிலும்தான். "சினிமாவில் வருவது போல யாரையாவது குத்திவிடுவானா?" என்று தான் பெற்ற மகனைப் பற்றியே கேட்கும் தாய்மார்களை நான் பார்க்கிறேன். அந்த பயம் எங்கிருந்தோ அவர்களுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஜெர்மானிய மனநல மருத்துவர் கார்ல் யாஸ்பர்ஸ் 1913லேயே ஒரு வேறுபாட்டை வலியுறுத்தினார். நோய் அனுபவத்துக்கு வடிவம் ஒன்று, உள்ளடக்கம் ஒன்று. இல்லாத குரல் கேட்பது வடிவம். அந்தக் குரல் என்ன சொல்கிறது என்பது உள்ளடக்கம். வடிவத்தை நோய் தருகிறது. உள்ளடக்கமோ அந்த மனிதரின் வாழ்க்கையிலிருந்து வருகிறது. கதாசிரியருக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் எங்கள் துறையில் இல்லை என்றே நினைக்கிறேன்.

ஓர் உதாரணம். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். விசைத்தறித் தொழிலாளி ஒருவரை மனைவி அழைத்து வந்திருந்தார். நன்றாக ஓட்டிக்கொண்டிருந்த ஆள், திடீரென்று தறிக்குப் போக மறுத்துவிட்டார். சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டினார்கள். குடும்பத்தில் யாரோ செய்வினை வைத்துவிட்டதாகச் சொல்லி மந்திரித்துக் கயிறும் கட்டினார்கள். அவர் மெல்ல மெல்லச் சொன்ன விஷயம் இது: தறி ஓடும்போது அந்தச் சத்தத்தோடு சேர்ந்து ஒரு குரல் வருகிறது. தறி நின்றால் குரலும் நின்றுவிடுகிறது. "இதோ எழுந்துவிட்டான், தண்ணீர் குடிக்கப் போகிறான், முன்பணத்தை வாங்கித் தின்றவன் போகிறான் பார்" என்று அவர் செய்வதை எல்லாம் அது பக்கத்திலிருந்து வர்ணிக்கிறது.

தறி உரிமையாளரிடம் முன்பணம் வாங்கி, அதை அடைக்க முடியாமல் அதே பட்டறையில் கட்டுண்டு கிடப்பது அந்தத் தொழிலில் பழகிப்போன துயரம். அவருக்கும் அந்தக் கடன் இருந்தது. ஒருவர் செய்வதை மூன்றாம் ஆளாக நின்று வர்ணிக்கும் குரல், மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயின் பாடப்புத்தக அடையாளம். அது உலகம் முழுக்க ஒன்றுதான். 'முன்பணத்தை வாங்கித் தின்றவன்' என்பது அவருடையது. இந்தப் பாத்திரத்தை எழுத நினைப்பவருக்கு நோயைப் பற்றிய நான்கு பக்கக் குறிப்பு போதும். தறிப் பட்டறையைப் பற்றி நானூறு பக்கம் தெரிந்திருக்க வேண்டும்.

சந்தேகங்களும் இப்படித்தான் காலத்தோடு மாறுகின்றன. முன்பு வானொலி வழியாகத் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றார்கள். இன்று செல்போன் கேமரா வழியாகப் பார்க்கிறார்கள், வாட்ஸ்அப் நிலைத்தகவலில் தன்னைத்தான் குத்திக்காட்டுகிறார்கள் என்கிறார்கள். 1975இல் நடக்கும் கதையில் ஒருவருக்கு வரும் சந்தேகமும் இன்றைய கல்லூரி மாணவிக்கு வரும் சந்தேகமும் ஒரே வசனத்தில் இருக்க முடியாது.

இன்னொன்றையும் எழுத்தாளர்கள் தவறவிடுகிறார்கள். இந்த நம்பிக்கைகள் உள்ளேயிருந்து பார்க்கும்போது குழப்பமாக இருப்பதில்லை. வெகு தெளிவாக, மறுக்க முடியாத உண்மையாக இருக்கின்றன. "எனக்கு ஏதோ ஆகிவிட்டது, நான் பைத்தியமாகிக்கொண்டிருக்கிறேனோ?" என்று கண்ணாடி முன் நின்று புலம்பும் பாத்திரத்தை அடிக்கடி படிக்கிறேன். தொடக்க நாட்களில் ஒரு மிரட்சி இருக்கும், அது உண்மை. நம்பிக்கை வேரூன்றிய பிறகு அவர் புலம்ப மாட்டார்; ஆதாரம் காட்டுவார். எதிர்வீட்டு ஜன்னல் எந்த நேரத்தில் திறந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் தேதிவாரியாக எழுதி வைத்திருப்பார். நாம் வாதம் செய்தால் நம்மையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்.

அதே மனிதர் தன் நம்பிக்கைக்கு எதிராகவும் நடந்துகொள்வார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் விஷம் கலக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்பவர், மணி அடித்ததும் தட்டோடு வரிசையில் நின்று, இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். தான்தான் இந்த மாவட்டத்துக்கே கலெக்டர் என்பவர், வெளிநோயாளர் சீட்டுக்காகப் பொறுமையாகக் காத்திருப்பார். ஸ்விட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் இதை இரட்டைக் கணக்கு எழுதுவதாக வர்ணித்தார். ஒரு பாத்திரத்தை உயிரோடு நிறுத்த இந்த முரண்பாடு ஒன்றே போதும். ஆனால் நான் படித்த கதைகளில் மிக அரிதாகத்தான் இதைக் கண்டிருக்கிறேன்.

தொடக்கத்தை எழுதுவதிலும் அவசரம் தெரிகிறது. ஓர் அதிர்ச்சி, ஒரு காதல் தோல்வி, மறுநாள் காலை பைத்தியம். நடைமுறையில் மனச்சிதைவு பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதிக்கும் முப்பதுகளின் தொடக்கத்துக்கும் நடுவில், சத்தமில்லாமல் வருகிறது. கல்லூரி இரண்டாம் ஆண்டில் மதிப்பெண் குறைகிறது. நண்பர்கள் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. குளிப்பது தள்ளிப்போகிறது. பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறான். காதல் தோல்வியாக இருக்குமோ, கஞ்சாவாக இருக்குமோ என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அந்த மாதங்களில் ஒரு குடும்பம் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் விதத்தில் ஒரு நாவலே இருக்கிறது.

வில்லன்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்குள் இரண்டு ஆட்கள் இருப்பது மனச்சிதைவு அல்ல. அது வேறொரு கோளாறு, அபூர்வமானது. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. சிகிச்சை இல்லாமல், குடியோ போதையோ சேரும்போது ஆபத்து கூடுகிறது. அவர்கள் அடிக்கும் கதையைவிட அடிபடும் கதைதான் எனக்கு அதிகம் தெரியும். கொலைக்குக் காரணம் கிடைக்காதபோது கடைசி அத்தியாயத்தில் ஒரு நோயைக் கொண்டுவந்து வைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

மருத்துவமனைக் காட்சிகளுக்கு வருகிறேன். மின்சிகிச்சையை இன்னமும் சித்திரவதையாக எழுதுகிறார்கள். நான்கு பேர் கைகாலைப் பிடித்துக்கொள்ள, நோயாளி அலறுவார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் மின்சிகிச்சை தருவதைத் தடை செய்திருக்கிறது. இரவிலிருந்து வெறும் வயிறு, கையில் ஊசி, வாயில் பல் காக்கும் கட்டை, முகத்தில் ஆக்சிஜன். மின்சாரம் செல்வது சில விநாடிகள். வெளியே தெரிவது கால் விரல்களின் இலேசான துடிப்பு மட்டுமே. விழித்ததும் கொஞ்ச நேரம் குழப்பம் இருக்கும். அந்த நாட்களின் நினைவு சிலருக்கு விட்டுப்போகும். உண்மையான நாடகம் அங்கே இருக்கிறது: சாப்பிடாமல், பேசாமல் கல்லாக உறைந்து கிடந்த தாய் மூன்றாவது, நான்காவது சிகிச்சைக்குப் பிறகு தண்ணீர் கேட்பதையும், அவளை மருத்துவமனையில் சேர்த்த நாளே அவளுக்கு நினைவில் இல்லாததையும் பக்கத்தில் நின்று பார்க்கும் மகளிடம்.

சொத்துக்காகக் கதாநாயகியை மனநல மருத்துவமனையில் அடைப்பது பழைய உத்தி. ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டால் போதும் என்ற நினைப்பில் எழுதுகிறார்கள். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த அதே சட்டத்தின்படி, ஒருவருடைய சம்மதம் இல்லாமல் சேர்க்க வேண்டுமானால் மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு தகுதியுள்ளவரும் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். முதல் கட்டத்தில் 30 நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. சேர்க்கப்பட்டவர் பெண் என்றால் மூன்று நாட்களுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவரும் அங்கே மேல்முறையீடு செய்யலாம். இவ்வளவையும் மீறி ஒருவரை அடைக்கத் துணியும் உறவினர், சட்டம் தெரியாத வில்லனைவிடப் பயங்கரமான பாத்திரமாக வருவார்.

சங்கிலியால் கட்டுவதையும் அந்தச் சட்டம் எந்த வடிவிலும் அனுமதிக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். வேப்ப மரத்தடியில் சங்கிலியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரை ஊர்ச் சூழலுக்காக மட்டும் கதையில் வைக்க நினைப்பவர்கள், அந்தச் சங்கிலியின் சாவி யார் வீட்டில், எந்த ஆணியில் தொங்குகிறது என்பதையும் யோசித்து எழுத வேண்டும்.

மாத்திரை என்றாலே கதைகளில் தூக்கம்தான். நிஜத்தில் மாத்திரைகள் உடலையும் மாற்றுகின்றன. பழைய மருந்துகளில் கை நடுங்கும், நடை விறைக்கும், எச்சில் வழியும். புதியவற்றில் சிலவற்றுக்கு அடங்காத பசி வரும். ஆறு மாதத்தில் பழைய சட்டை எதுவும் சேராது. குணம் தெரியவே வாரங்கள் ஆகும். கதையில் அவர் எந்த மாதத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் அவர் டம்ளரை எப்படிப் பிடிக்கிறார் என்று எழுத முடியும்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு கட்டத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். "ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் முடிவெடுப்பார்கள். புகுந்த வீட்டில் தெரியக்கூடாது என்று மாத்திரைகளை வைட்டமின் டப்பாவில் மாற்றிப் போட்டு, கட்டுப் பிரியாத புடவைகளுக்கு அடியில் வைத்து அனுப்புவார்கள். சேர்ந்து விருந்துக்குப் போகும் நாட்களில் ஒரு வேளை தவறும், பிறகு இரண்டு வேளை. மாதங்கள் கழித்து நோய் திரும்பும்போது, ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு வீடும், சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று இன்னொரு வீடும் என் அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும். நடுவில் இருக்கும் பெண்ணிடம் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். கதை அவளிடம் கேட்கலாம்.

தற்கொலையைப் பற்றி எழுதுபவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். முறையை விவரிக்காதீர்கள். எல்லாரையும் மனந்திருந்தச் செய்த முடிவாக அதைக் காட்டாதீர்கள். வாசகர்களில் அதே விளிம்பில் நிற்பவர் இருக்கக்கூடும். பாத்திரம் பிழைத்துக்கொண்டால், போலீஸ் வழக்கு என்ற பழைய மிரட்டலையும் விட்டுவிடுங்கள். முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே இன்றைய சட்டம் கருதுகிறது. இதைப் படிப்பவர் யாருக்காவது இப்போதே பேச வேண்டும் என்றிருந்தால், 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

எழுதி முடித்ததும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அதைவிட நல்லது, அந்த நோயோடு வாழ்ந்து தேறியவர் ஒருவரிடம், அவர் விரும்பினால், படிக்கக் கொடுப்பது. நான் அறிந்த எழுத்தாளர் ஒருவர் அப்படிச் செய்தார். படித்த பெண்மணி நோய் வரும் பக்கங்களில் ஒரு திருத்தமும் போடவில்லை. மற்ற பக்கங்களில் ஓரத்தில் எழுதியிருந்தார்: இவள் சம்பளத்தை யார் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்? நோய் வருவதற்கு முன் இவளுக்குச் சிநேகிதிகளே கிடையாதா? மாத்திரை போட்ட பிறகு காலையில் எழுந்து சமைக்க முடிகிறதா, அண்ணி ஏதாவது சொல்கிறாளா? எழுத்தாளர் அந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு போய் நாவலை முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார்.