சனிக்கிழமை ராத்திரி வரும் அப்பா

கம்பத்தில் குழந்தைகள் மனநல ஆலோசகராக இருக்கிறேன். விடிவதற்கு முன்பே கம்பம், கூடலூர், புதுப்பட்டி பக்கமிருந்து ஜீப்புகள் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கிளம்பிவிடும். கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ கேரளத்தின் இடுக்கி மலைக்கு. அன்றாடம் போய்த் திரும்புகிறவர்கள் உண்டு. வாரம் பூரா தோட்டத்து லயத்திலேயே, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையிலேயே, தங்கிவிட்டு, சனிக்கிழமை சம்பளத்தோடு இறங்கி, திங்கள் விடியலில் மறுபடி ஏறுகிறவர்களும் உண்டு.

இந்த இரண்டாவது வகை அப்பாக்கள் பலரும் என்னிடம் ஒரே மாதிரி சொல்வார்கள்: "நான் வீட்டுல இருக்குறதே ஒன்றரை நாளு. எங்கிட்ட இருந்து அவன் என்னத்த மேடம் கத்துக்கப் போறான்?"

அவர்கள் நினைப்பதற்கு நேர்மாறாகத்தான் நான் பார்த்திருக்கிறேன். தினமும் கூடவே இருக்கும் அம்மா பிள்ளைக்குப் பழகிப்போன முகம். வாரத்துக்கு ஒருமுறை வருகிற அப்பாவைத்தான் அது வைத்த கண் வாங்காமல் பார்க்கிறது. செருப்பை எங்கே கழற்றிப்போடுகிறார், தங்கச்சியைத் தூக்குகிறாரா, அம்மாவை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்று ஒன்றுவிடாமல் பார்த்து, அடுத்த சனிக்கிழமை வரைக்கும் அதையே வைத்து விளையாடுகிறது.

ஒரு பையன். வயது ஏழு. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அக்காவை அடிக்கிறான், டீச்சரை எடுத்தெறிந்து பேசுகிறான் என்று கூட்டி வந்திருந்தார்கள். அப்பா ஏலத்துக்கு மருந்து அடிக்கிற வேலை. பாயில் சொப்புச் சாமானைப் பரப்பி, "டீக்கடை விளையாடலாமா?" என்று கேட்டு, ஒரு குட்டிக் கப்பை அவனிடம் நீட்டினேன். வாங்கி உதட்டருகே கொண்டுபோனான். என்னைப் பார்க்கக்கூட இல்லை. கப்பைக் கீழே வைத்து, புறங்கையால் பாயின் ஓரம் வரை தள்ளிவிட்டு, "இத நீயே குடி" என்றான்.

குரல் ஏழு வயசுப் பையனுடையதாகவே இல்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா அந்தக் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "அது நான் சொல்றதுங்க" என்றார்.

1961இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா 72 குழந்தைகளை வைத்துச் செய்த சோதனையை எங்கள் படிப்பில் எல்லோரும் படித்திருப்போம். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைக் குத்தி, சுத்தியலால் அடித்து, திட்டுவதை அவர்களில் ஒரு பகுதிக் குழந்தைகள் பார்த்தார்கள். பிறகு அந்த பொம்மையோடு விட்டபோது, அவர்களில் பலர் அதே மாதிரி அடித்தார்கள், சிலர் திட்டிய வார்த்தையைக்கூட அப்படியே சொன்னார்கள். அடிக்கும்படி யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. பெரியவர் அடித்ததைச் சில நிமிடங்கள் பார்த்ததே போதுமாக இருந்தது. நம் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றரை நாள் கிடைக்கிறது.

இந்த அப்பாக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனசு வராது. ஆறு நாள் கங்காணியிடம் ஏச்சு, அந்த ஊர் மலையாளிகள் வாயில் தமிழரை இளக்காரமாகச் சொல்லும் 'பாண்டி' என்ற பேச்சு, மருந்து வாடையில் சாப்பாடு இறங்காத வயிறு. பதில் பேச முடியாத இடத்தில் அடக்கிய கோபம், பதில் பேசாத ஆள் இருக்கும் இடத்தில்தான் வெளியே வருகிறது. அதுவும் பிள்ளைக்குப் பாடமாகிவிடுகிறது: கோபம் வந்தால் நம்மைவிட எளிய ஆளைப் பார்த்துக் காட்டு. அவனுக்கு எளிய ஆள் அக்கா.

நல்லதும் இதே வழியில்தான் இறங்குகிறது. கூடலூர்ப் பக்கம் ஒருவர் சனிக்கிழமை வந்ததும் சம்பளத்தை மகளை வைத்தே எண்ணச் சொல்வார். மளிகைக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு, கடனுக்கு இவ்வளவு என்று அவளே நோட்டில் எழுதுவாள். ஆறாவது படிக்கும் அந்தப் பெண் தீபாவளிக்குத் துணி கேட்கும்போதே விலையையும் சேர்த்துச் சொல்கிறாளாம். இதைச் சொல்கையில் அந்த மனுஷன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பையனுடைய அப்பாவிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. கோபத்தில் கத்திவிட்டால், பிள்ளைகள் இருக்கும்போதே மனைவியிடம், "நான் அப்படிக் கத்திருக்கக் கூடாது" என்று சொல்ல வேண்டும். தனியாகப் போய்ச் சொன்னால் பத்தாது. பையன் கத்தலை மட்டும்தான் பார்த்திருப்பான்.

அவர் திகைத்துப் போனார். "குடிய விடச் சொல்லுங்க, விட்டுர்றேன். புள்ளைக முன்னாடி பொண்டாட்டிகிட்டயா?" என்றார். குடியைப் பற்றியும் பேசினோம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐ எழுதிக் கொடுத்தேன். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

மூன்றாவது வாரம் சொல்லிவிட்டாராம், சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தபடி. பையன் நேரே அக்காவிடம் போய், "அப்பா ஏன் அப்பிடிச் சொன்னாரு?" என்று கேட்டிருக்கிறான்.

இன்னும் அக்காவை அடிக்கத்தான் செய்கிறான். ஆனால் போன வாரம் அடித்துவிட்டு எப்போதும் போலத் தெருவுக்கு ஓடவில்லை, வாசல்படியிலேயே நின்றுகொண்டிருந்தான் என்று அம்மா போனில் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.