திரையிடலா, முன்பரிசோதனையா?

‘மரபுவழிப் புற்றுநோய்க்கான முறையான திரையிடலுக்கு உட்பட நீங்கள் எந்த அளவு விருப்பமாக உள்ளீர்கள்?’ வேலூரில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக் கேள்வித்தாளில் இருந்த வரி இது. கீழே ‘மிகுந்த விருப்பம்’ தொடங்கி ‘அறவே விருப்பமில்லை’ வரை ஐந்து கட்டங்கள். குடியாத்தத்து அம்மா ஒருவர் அதைப் படித்துவிட்டு, “இன்னா சார், திரை கட்டி மறைச்சு வெச்சிப் பாப்பாங்களா?” என்றார்.

அவர்மேல் தப்பில்லை. தமிழில் திரையிடுவது என்றால் மறைப்பது. இல்லாவிட்டால் சினிமா காட்டுவது. மறைந்திருக்கும் நோயைத் தேடும் வேலைக்கு இந்தப் பெயரா?

ஸ்கிரீன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மறைப்பு என்ற பொருளோடு, நிலக்கரியும் சரளையும் சலிக்கிற பெரிய சல்லடை என்ற பொருளும் உண்டு. மருத்துவத்தில் ஸ்கிரீனிங் என்பது இந்தச் சல்லடை வழியில் வந்த பொருள். நலமாக நடமாடுகிறவர்களில் யாருக்கு மேற்கொண்டு சோதனை தேவை என்று பிரித்தெடுப்பது. மொழிபெயர்த்தவர் அகராதியில் முதல் பொருளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அப்படியானால் ‘சலித்தல்’ எனலாமே என்பார்கள். ஆரணி அரிசி ஆலையில் அது சரி. வருஷா வருஷம் வரச்சொல்லும் சோதனைக்குச் ‘சலிப்பு’ என்று பெயர் வைத்தால் யார் வருவார்? ‘கண்டறிதல்’ இன்னும் மோசம்: நோய் இருப்பது உறுதி, எங்கே என்பதுதான் பாக்கி என்ற தொனி. அது, இன்ன நோய் என்று உறுதிசெய்யும் டயக்னோசிஸுக்குப் போகட்டும். ‘கண்காணிப்பு’ என்றால் போலீஸ் ஞாபகம் வருகிறது. அறிகுறி தெரியும் முன்பே பார்ப்பதால் ‘முன்பரிசோதனை’ என்பதே என் கட்சி. 2023 முதல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அரசு இதைத்தான் செய்கிறது. மக்கள் வாயில் அது ‘கேன்சர் டெஸ்ட்’. அதுகூடத் திரையிடலைவிடத் தெளிவு.

‘மரபுவழி’யோடு எனக்குச் சண்டையில்லை, ‘பரம்பரை’ என்றால் இன்னும் சீக்கிரம் புரியும். ஆனால் பரம்பரை என்றதும் ‘எங்களுக்கும் வந்தே தீரும்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெற்றோரில் ஒருவரிடம், மார்பகம், சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு இருந்தால், பிள்ளைக்கு அது வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. வருவதும் கோளாறுதான், நோயே வந்துவிட்டது என்று ஆகாது. இதைப் பக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும்.

பெரிய குற்றம் ‘விருப்பம்’தான். மார்பை இரு தட்டுக்கு நடுவே அழுத்தி எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராமுக்கு யார் ஆசைப்படுவார்? பி.ஆர்.சி.ஏ. உள்ள பெண்ணுக்குப் பொதுவாக 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ., 30லிருந்து மேமோகிராமும் சேர்த்துச் சொல்வார்கள். குடல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் லிஞ்ச் என்ற பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்கு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை, பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி. முந்தின நாளே பேதி மருந்து. பிடிக்காவிட்டாலும் வருவதுதானே அளக்கப்படுகிறது? பிடிக்கவில்லை என்று கடைசிக் கட்டத்தில் டிக் போட்டவரே தவறாமல் வரக்கூடும். ‘சம்மதம்’ என்றால் கையெழுத்து வாங்கும் தாள் கண்ணில் நிற்கிறது. அது ஒரு நாள் சமாசாரம். தமிழில் ‘முன்வருதல்’ என்று அருமையான சொல் இருக்கிறது. ஆசை இல்லாமலும் முன்வரலாம். இந்த ஆய்வு அளப்பதற்கு ‘முன்வரும் மனம்’ என்று பெயர் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படிக்காத மொழிபெயர்ப்பாளர்களால் வரும் வினை இது. கேள்வியை நானே எழுதினால் இப்படி வைப்பேன்: ‘உடம்புக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும், வருஷம் ஒருமுறை இந்தச் சோதனைக்கு வருவீர்களா? வரமுடியாமல் போனால் எதனால்: செலவா, பயமா, கூட வர ஆள் இல்லையா?’