‘தேவைப் பாதுகாப்பு’ என்று எழுதாதீர்கள்

பெரிய கேட்டைத் தடுக்கவே சட்டத்தை மீறினேன் என்று நீதிமன்றத்தில் வைக்கும் வாதத்தை ஆங்கிலத்தில் ‘நெசெசிட்டி டிஃபென்ஸ்’ என்பார்கள். காலநிலைப் போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் அதற்கு ‘தேவைப் பாதுகாப்பு’ என்ற சொல் வந்து நிற்கிறது. அண்மையில் வாசித்த ஒரு கட்டுரையில், நீதிமன்றம் அமெரிக்கப் போராட்டக்காரர் கென் வார்டுக்குத் ‘தேவைப் பாதுகாப்பை மறுத்தது’ என்றிருந்தது. வாசிப்பவர் என்ன நினைப்பார்? மனுஷன் போலீஸ் காவல் கேட்டிருக்கிறார், கொடுக்கவில்லை என்றுதான்.

நடந்தது வேறு. 2016 அக்டோபர் 11 அன்று அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் ஐந்து பேர், கனடாவின் தார்மணல் எண்ணெயைக் கொண்டுவரும் குழாய்களின் வால்வுகளை மூடினார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் மூடியவர் கென் வார்ட். மூடியதை அவர் மறைக்கவில்லை. ஏன் மூடினேன் என்பதை ஜூரியின் முன் எதிர்வாதமாக வைக்கவே அனுமதி கேட்டார். விசாரணை நீதிமன்றம் அதை மறுத்தது. அப்படி மறுத்தது தவறு என்று 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. அவருக்கு மறுக்கப்பட்டது ஒரு வாதம்.

‘நெசெசிட்டி டிஃபென்ஸ்’ என்பதன் இரண்டு சொற்களும் லத்தீன் வழி வந்தவை. முதலாவது, பின்வாங்க இடமில்லாதது என்ற பொருளில் பிறந்தது என்பார்கள். இரண்டாவதன் வேர்ப்பொருள் தள்ளி விலக்குதல். படையைத் தள்ளினால் பாதுகாப்பு, குற்றச்சாட்டைத் தள்ளினால் எதிர்வாதம். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டியதன் விளைவுதான் ‘தேவைப் பாதுகாப்பு’.

இதைவிட எனக்குக் கவலை தருவது, தனித்தமிழ் அன்பர்கள் முன்வைக்கும் ‘இன்றியமையாமைத் தற்காப்பு’. கேட்க அழகாக இருப்பதால் இது நிலைத்துவிடக்கூடும். ஆனால் ‘தற்காப்பு’ நம் குற்றவியல் சட்டத்தில் ஏற்கெனவே வேறொன்றின் பெயர். தாக்க வருபவனிடமிருந்து தன்னையோ பிறரையோ காக்கும் உரிமை அது. நாம் பேசுவது இந்திய தண்டனைச் சட்டத்தின் 81-ஆம் பிரிவில் இருந்து, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-ஆம் பிரிவாக இருப்பது. அந்தப் பிரிவே ஓர் எடுத்துக்காட்டு தருகிறது: பெருந்தீ பரவாமல் இருக்க ஒருவர் நடுவிலுள்ள வீடுகளை இடிக்கிறார். அந்த வீட்டுக்காரர்கள் யாரையும் தாக்கவில்லையே, இதில் தற்காப்பு எங்கே வந்தது? சட்டம் கவனமாகப் பிரித்து வைத்த இரண்டை மொழிபெயர்ப்பு ஒன்றாகக் கட்டிவிடுகிறது.

‘இன்றியமையாமை’ மீது எனக்கு மதிப்பு உண்டு. ‘நீரின்று அமையாது உலகு’ என்ற குறளின் சொல் அது. ஆனால் அது பொருளின் தன்மையைச் சொல்லும் சொல். நீர் இன்றியமையாதது, காற்று இன்றியமையாதது. ஒரு மனிதர் மாட்டிக்கொண்ட நிலையை அது சொல்வதில்லை. வாஷிங்டன் நீதிமன்றம் கேட்பவை இவை: தடுக்க நினைத்த கேடு, செய்த குற்றத்தால் விளைந்த கேட்டைவிடப் பெரிதா? அந்தக் கேட்டை வரவழைத்தவர் இவரேயா? நியாயமான, சட்டத்துக்கு உட்பட்ட மாற்றுவழி இருந்ததா? கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலான காலநிலை வழக்குகள் சிக்குகின்றன.

சுவிட்சர்லாந்தின் லோசானில் 2018 நவம்பரில், கிரெடி சுவிஸ் வங்கி நிலக்கரி, எண்ணெய்த் தொழில்களுக்குப் பணம் கொடுப்பதை எதிர்த்து அதன் கிளைக்குள் டென்னிஸ் ஆடியவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கியை அசைக்க அதுவே வழி என்று 2020 ஜனவரியில் முதல் நீதிபதி விடுவித்தார். வேறு வழிகள் இருந்தன என்று அதே ஆண்டு மேல் நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. ஆபத்து உடனடியானதல்ல என்று 2021-இல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது.

வழி இருந்ததா, இல்லையா என்பதே வழக்கின் உயிர் என்றால் சொல்லும் அங்கிருந்துதான் வர வேண்டும்: ‘வேறுவழியின்மை எதிர்வாதம்’. பேச்சுமொழி வாடை அடிக்கிறது என்கிறார்கள். அடிக்கட்டும். கூண்டில் நிற்பவர் ‘வேறு வழி தெரியலைங்க’ என்றுதான் சொல்வார். பின்வாங்க இடமில்லாதது என்ற லத்தீன் வேர்ப்பொருளும் இதில்தான் அப்படியே கிடக்கிறது.

இதே கைகள்தான் சட்டமறுப்பை ‘ஒத்துழையாமை’ என்றும் எழுதுகின்றன. 1920-இல் தொடங்கியது ஒத்துழையாமை இயக்கம், 1930-இல் வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பு அள்ளியது சட்டமறுப்பு. நம் தாத்தாக்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தது. வால்வை மூடுவது இரண்டாவது வகை.

இங்கிலாந்தின் கிங்ஸ்நார்த் அனல்மின் நிலையப் புகைபோக்கியில் 2007-இல் ஏறி எழுதிய கிரீன்பீஸ் ஆட்களின் வழக்கையும் ‘தேவைப் பாதுகாப்பு’ என்றே குறிக்கிறார்கள். 2008-இல் மெய்ட்ஸ்டோன் நீதிமன்றத்தில் அவர்களை விடுவித்தது வேறுவழியின்மையே அல்ல. பிறர் உடைமையைக் காக்கச் சேதம் செய்தால் அதைச் சட்டம் ஏற்கும் காரணமாகக் கொள்ளலாம் என்ற, உடைமைச் சேதம் பற்றிய 1971-ஆம் ஆண்டு ஆங்கிலேயச் சட்டத்தின் தனி விதி அது. அதற்குச் ‘சட்டம் ஏற்கும் காரணம்’ என்று எழுதினாலே போதும்.