ஓடுதுங்குதா, ஓட்டுங்குதா?

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தொடுதிரை இருக்கிறது. கொல்லைக் கடைசியில் உள்ள போர்வெல் மோட்டார், மாடித் தொட்டி மோட்டார், மாட்டுக்கொட்டகை விளக்கு, வாசல் விளக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். மின்சுற்றுப் பலகையை வாங்கி, நிரல் எழுதி, நானே மாட்டியது. மாட்டிய அன்று சாயங்காலம் அம்மா அதன் முன்னால் வந்து நின்றார். பச்சைக் கட்டத்துக்குள் 'ஆன்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டா தம்பி, இது ஓடுதுங்குதா, ஓட்டுங்குதா?"

எழுதியவன் என்பதால் எனக்கு விடை தெரியும். திரையை மட்டும் பார்க்கிறவருக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் திரையை முழுக்கப் பிரித்து மறுபடி கட்டினேன்.

பழைய சுவிட்சில் இந்தக் குழப்பம் கிடையாது. நம் ஊரில் கீழே அழுந்தியிருந்தால் ஆன், மேலே நின்றால் ஆஃப். கட்டளை கொடுப்பதும் நிலையைக் காட்டுவதும் அதே பிளாஸ்டிக் துண்டுதான். இருட்டில் விரலால் தடவிச் சொல்லிவிடலாம். மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு சுவிட்ச் வைக்கும்போது இந்த உறவு அறுந்துபோகிறது. அங்கே சுவிட்ச் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தொடுதிரை அந்த மாடிப்படி சுவிட்சின் வழியில் வந்தது. பார்க்க வேண்டிய மோட்டாரோ தென்னந்தோப்புக்கு அப்பால் இருக்கிறது.

விரலில் இருந்தே தொடங்கலாம். திரைக் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. இண்டியம் டின் ஆக்சைடு என்ற ஒளிபுகும் பொருளால் ஆனவை. ஒவ்வொரு சந்திப்பும் ஒரு குட்டி மின்தேக்கி. விரல் அருகே வந்தால் அந்தச் சந்திப்பின் மின்புலத்தில் கொஞ்சத்தை நம் உடம்பு இழுத்துக்கொள்ளும். மின்தேக்கு திறன் மிகச் சிறிதளவு குறையும். ஒரு சில்லு எல்லாச் சந்திப்புகளையும் விநாடிக்குப் பல முறை அளந்து, எங்கே குறைந்தது என்று கணக்குப் போட்டு, இடத்தை மட்டும் மைக்ரோகண்ட்ரோலர் என்ற குட்டிக் கணினியிடம் சொல்கிறது.

தண்ணீரும் மின்புலத்தைக் குலைக்கும். அதனால்தான் பாத்திரம் கழுவிய கையாலோ, நாற்றுமுடி எடுத்துவந்த கையாலோ தொட்டால் திரை தடுமாறுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடியில் ஈரம் படியும்போதும் அப்படியே. விளக்குப் பொத்தானைத் தொட்டு எடுத்தால் போதும் என்று விட்டிருக்கிறேன். மோட்டாருக்கு மட்டும் ஒரு விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த விநாடிக்குள் பொத்தானைச் சுற்றி ஒரு வளையம் நிரம்புவதைக் காணலாம். அடுப்படியில் மாட்டுவதாக இருந்தால், இரண்டு படலங்கள் அழுத்தத்தில் ஒட்டிக்கொள்ளும் பழைய ரெசிஸ்டிவ் திரையைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். பலர் அதை மட்டமாக நினைக்கிறார்கள். ஈரக்கையோ நகமோ எதுவானாலும் அதற்கு ஒன்றுதான்.

திரைக்குப் பின்னால் இருப்பது இஎஸ்பி32-எஸ்3 என்ற மைக்ரோகண்ட்ரோலர். வைஃபை அதற்குள்ளேயே உண்டு. அதன் உள் நினைவகம் 512 கிலோபைட். திரை 480க்கு 480 பிக்சல், பிக்சலுக்கு 2 பைட். பெருக்கினால் ஒரே ஒரு படத்துக்கு 4,60,800 பைட். வீடு முழுவதையும் ஒரு பாயே அடைத்துக்கொண்ட மாதிரி. அதனால் முழுப் படத்தைப் பலகையில் தனியாக உள்ள 8 மெகாபைட் நினைவகத்தில் வைக்கிறார்கள். எல்விஜிஎல் என்ற வரைகலை நூலகம், மாறிய துண்டை மட்டும் கண்டுபிடித்துத் திரும்ப வரைகிறது. வளையம் நிரம்பும்போது வளையம் இருக்கும் சதுரம் மட்டுமே புதிதாகிறது.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். 'ஆன்' என்ற சொல் நிலைக்கும் கட்டளைக்கும் ஒன்றாகவே நிற்கிறது. தமிழ் வினைச்சொல் அப்படி நிற்காது. 'ஓடுகிறது' என்றால் நடப்பதைச் சொல்லும் வினைமுற்று. 'நிறுத்து' என்றால் ஏவல். மேலே பெரிதாக வினைமுற்று, கீழே பொத்தானில் ஏவல் என்று பிரித்தாலே சந்தேகம் தீர்ந்தது. ஆக, திரைக்குத் தமிழ் அழகுக்காக வரவில்லை, வேலைக்காகவே வந்தது.

ஆனால் தமிழ் லேசில் வரவில்லை. 'மோட்டார்' என்ற சொல் நினைவகத்தில் ம, ோ, ட, ், ட, ா, ர, ் என்று எட்டுக் குறிகளாகக் கிடக்கிறது. 'மோ'வில் மகரத்துக்குப் பிறகு ஒரே குறிதான். எழுதும்போதோ இரட்டைக்கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போக வேண்டும். 'கு', 'மு', 'சு' என்று உகரம் சேரும் எழுத்துகள் ஒவ்வொன்றும் தனி உருவம். கைபேசியில் ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவாக்கி இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. எல்விஜிஎல் அரபு எழுத்தைச் சேர்த்து எழுதப் பழகியிருக்கிறது, தமிழின் கொம்பை இடம் மாற்ற அதற்குத் தெரியாது. முதல் முயற்சியில் இரட்டைக்கொம்பும் காலும் மகரத்துக்குப் பின்னால் ஒன்றாக விழுந்துகிடந்தன. பார்க்க எனக்கு வருத்தமாகவே இருந்தது. உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு நூலகத்தில் தமிழ் இன்னும் இந்த இடத்தில் நிற்கலாமா?

வழி இரண்டு உண்டு. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் குறி கொடுத்து எழுத்துருவை அமைப்பது ஒன்று. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு சேர்த்துத் தரமாக அறிவித்த டேஸ்16 முறையின் அடிப்படை இதுதான். வடிவாக்கியே தேவைப்படாது. இன்னொன்று, தேவைப்படும் சொற்களைக் கணினியில் ஒழுங்காக எழுதிப் படங்களாக ஏற்றுவது. 200க்கு 48 பிக்சல், பிக்சலுக்கு 4 பிட் என்றால் ஒரு சொல்லுக்கு 4,800 பைட். நாற்பது சொல் வைத்தாலும் 2 லட்சம் பைட்டைத் தொடாது. வீட்டுத் திரைக்கு நாற்பது சொல் தாராளம். நான் இதையே எடுத்துக்கொண்டேன்.

எழுத்து சரியானது. அதன் பிறகும் திரை ஒருநாள் பொய் சொன்னது. குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருந்த நேரம். ஜூன் 12இல் மேட்டூர் திறப்பதற்கு முன்பு நாற்றுக்குப் போர் தண்ணீர்தான். இரவு மோட்டாரைப் போட்டோம், திரையில் பச்சையில் 'ஓடுகிறது'. விடிந்து போய்ப் பார்த்தால் பாதி நாற்றங்கால் காய்ந்துகிடந்தது.

காரணம் ஸ்டார்ட்டருக்குள் இருக்கிறது. மோட்டார் கிளம்பும்போது ஓடும் மின்னோட்டத்தைப்போல் ஆறு மடங்கு இழுக்கும். சில்லின் சொல்கேட்டுத் திறந்து மூடும் ரிலே என்ற சின்னச் சுவிட்ச் அதைத் தாங்காமல் பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். எனவே ரிலே மோட்டாரைத் தொடவே கூடாது. ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானுக்கு இணையாக ஒரு ரிலே, சிவப்புப் பொத்தானோடு தொடராக ஒன்று, அவ்வளவுதான். பச்சையை ஒரு நொடி அழுத்தியதும் காயில் என்ற கம்பிச்சுருள் இழுத்துக்கொள்ளும், பிறகு தன் துணைத் தொடுமுனை வழியாகத் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். கரண்ட் ஒரு கணம் போனால் பிடி விட்டுவிடும், திரும்பி வந்தாலும் தானாகப் பிடிக்காது. மோட்டார் அருகே ஆள் நின்றால் ஆபத்து என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அன்றிரவு கரண்ட் ஒரு தடவை கண்சிமிட்டியிருக்கிறது. திரையோ, தான் கட்டளையிட்டதையே நடந்ததாகக் காட்டிக்கொண்டிருந்தது. வீட்டுத் தானியங்கிக்குப் பலரும் பயன்படுத்தும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளிலும் நிலைக்குத் தனி வழி கொடுக்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

மருந்து, மோட்டாரிடமே கேட்பது. ஸ்டார்ட்டரிலிருந்து போகும் மூன்று வயர்களில் ஒன்றைச் சுற்றி, மின்னோட்டத்தை அளக்கும் ஒரு கவ்வி மாட்டினேன். வயரை வெட்ட வேண்டாம். 30 ஆம்பியருக்கு 1 வோல்ட் தரும் மின்மாற்றி அது. 5 எச்பி மோட்டார் ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும்போது கால் வோல்ட் கிடைக்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கிப் பம்பு காற்றை இறைத்தால் சுமை குறைந்து மின்னோட்டமும் இறங்கும். ஆக, ஓடுகிறதா என்பதோடு தண்ணீர் ஏறுகிறதா என்பதும் தெரிந்துவிடுகிறது.

இந்தச் செய்திகள் வீட்டுக்குள் எம்கியூடிடி என்ற முறையில் நடக்கின்றன. 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க், ஆர்லன் நிப்பர் இருவரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது. ஊர்ச் சாவடியின் அறிவிப்புப் பலகைபோல நடுவில் ஒரு கணினி. கட்டளைக்கு ஒரு பலகை, நிலைக்கு வேறு பலகை. திரை கட்டளைப் பலகையில் எழுதலாம், நிலைப் பலகையை வாசிக்க மட்டுமே செய்யும். அங்கே எழுதும் உரிமை, மோட்டார்ப் பக்கத்தில் கவ்வியைப் படிக்கும் சில்லுக்கு மட்டும். கடைசியாக ஒட்டிய அறிவிப்பு கிழியாமல் இருக்கும், திரை புதிதாக விழித்தெழுந்தாலும் உடனே படித்துக்கொள்ளும். இதில் உயில் எழுதிவைக்கவும் வசதி உண்டு. 'என் சத்தம் நின்றுபோனால் இதை ஒட்டிவிடு' என்று சில்லு முதலிலேயே சொல்லிவைக்கிறது. 20 விநாடிக்கு ஒரு முறை குரல் கொடுப்பதாக ஏற்பாடு. 30 விநாடி மௌனமானால் உயில் பலகைக்கு வந்துவிடும்.

இப்போது மோட்டாருக்கு ஐந்து சொல்: ஓடுகிறது, நின்றிருக்கிறது, தண்ணீர் ஏறவில்லை, கரண்ட் இல்லை, தெரியவில்லை. எனக்கு மிகப் பிடித்தது கடைசிச் சொல்தான். உயில் வந்தால் திரை பச்சையையும் சிவப்பையும் விட்டுச் சாம்பல் நிறமாகி அப்படிச் சொல்லிவிடும்.

இவ்வளவும் இணையம் இல்லாமலே ஓடும்படி வைத்தேன். 2018 நவம்பர் 16 நள்ளிரவுக்குப் பிறகு கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரமும் செல்போன் கோபுரமும் இல்லை. கொல்லை மோட்டாரைப் போட எங்கோ உள்ள ஒரு சர்வரைக் கேட்க வேண்டியிருப்பதை நான் ஏற்கவில்லை. ரூட்டர், நடுக்கணினி, திரை, மோட்டார்ப் பக்கத்துச் சில்லு நான்கும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கின்றன.

எங்கள் சுண்ணாம்புச் சுவர் ஒன்றரை அடி கனம். வைஃபை அதற்குள் பாதி செத்துவிடுவதால் கொல்லைப் புறச் சுவரில் இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் தேவைப்பட்டது. சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறும். அதனால் திரையை நாலரை அடி உயரத்தில், சுவரோடு ஒட்டாமல் விரற்கடை இடைவெளி விட்டு மாட்டியிருக்கிறேன். 230 வோல்ட் வரும் பக்கத்தையும் ஸ்டார்ட்டர் இணைப்பையும் எலக்ட்ரீசியன்தான் செய்தார். நிரல் எழுதத் தெரிவது அதற்குத் தகுதி ஆகாது.

இரவு பத்து மணிக்குப் பின்னொளி பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. விளக்குப் பொத்தான்கள் மறைந்து மோட்டாரின் சொல் மட்டும் நிற்கும். அதன் எழுத்தளவை மூன்று முறை பெரிதாக்க வேண்டியிருந்தது. கூடத்துக் கட்டிலில் கண்ணாடி போடாமல் படுத்திருக்கும் அம்மா அதை வாய்விட்டுப் படித்த பிறகுதான் நிறுத்தினேன்.