அப்டேட் தட்டும் முன் ஒரு பென்டிரைவ்

காட்பாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதிலிருந்து "11-க்கு மாத்தினேன், பாதியில நின்னுடுச்சு" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் அதிகம்.

கார்த்திகை மழையில் குடியாத்தத்திலிருந்து ஒருவர் வந்தார். கணக்கு எழுதும் தொழில். அப்டேட் ஓடும்போது கரண்ட் போயிருக்கிறது, பேட்டரியும் வீக். கையில் பூட் பென்டிரைவ், அதாவது விண்டோஸ் ஏறாதபோது லேப்டாப்பைத் தொடங்க உதவும் பென்டிரைவ், இருந்தது. ஆனால் யாரோ பழைய பயாஸ் என்ற தொடக்க முறைக்காகச் செய்து கொடுத்தது. யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் தொடங்கும் அவருடைய லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

சரி, கடையில் புதிதாக ஒன்று போட்டு உள்ளே போனேன். ரிப்பேர் ஓடவிட்டால் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரைத் திறக்க 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கிறது.

"தம்பி, நான் எந்தப் பூட்டும் போடலியே!"

அவர் போடவில்லைதான். இப்போதைய பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடும், அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும். கீ அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கணக்கைத் திறந்தது லேப்டாப் விற்ற கடைப் பையன். என்ன மெயில் ஐடி என்று இவருக்குத் தெரியாது. இரண்டு நாள் தேடி, பழைய போனில் கிடைத்தது. கிடைத்திருக்காவிட்டால் என்னாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

பென்டிரைவ் செய்வது சுலபம். மெஷின் நன்றாக ஓடும்போதே மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ஓடவிடுங்கள். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். (மகளின் மஞ்சள் நீராட்டு வீடியோ இருந்த பென்டிரைவை நீட்டியவர்கள் உண்டு.)

அப்புறம்தான் யாரும் செய்யாத வேலை: அதே லேப்டாப்பில் ஒருமுறை பூட் செய்து பார்ப்பது. ஆன் செய்ததும் எச்பி என்றால் எஃப்9, டெல், லெனோவா என்றால் பெரும்பாலும் எஃப்12. மொழி கேட்கும் திரை வந்தால் போதும், மேலே எதையும் தட்டாமல் அணைத்துவிடுங்கள். டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) டேட்டாவைத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் எடுத்து வையுங்கள். பூட் பென்டிரைவ் அதற்கு மாற்று இல்லை.

ரெக்கவரி கீயை நோட்டில் எழுதுங்கள். ஒருவர் பொறுப்பாகச் சேமித்துத்தான் வைத்திருந்தார், அதே லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில்.